இருபத்தேழு டிகிரி

முப்பத்தேழு என்று இருக்க வேண்டிய கட்டத்தில் இருபத்தேழு இருந்தது.

பேராசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தாள். துடைத்தால் மாறுகிற எண்ணா அது? இருபத்தேழேதான்.

கீழே அரங்கத்தில் அவளுக்குப் பாராட்டு விழா. அவள் எழுதிய ஒரு ஆய்வுக்கட்டுரையை மட்டும் உலகம் முழுக்க நாலாயிரம் பேர் மேற்கோள் காட்டிவிட்டார்கள். சிப் வடிவமைக்கிறவர்கள் மத்தியில் அது லேசுப்பட்ட காரியமில்லை. மேடையில் காட்ட ஒரு படம் வேண்டுமே என்றுதான் அந்தக் காலத்துக் கோப்பைத் திறந்தாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிட்டது.

துடிப்பு குறைந்தவர்களுக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் வைக்கிறார்களே, அதற்கான சிப் அது. சின்னஞ்சிறு பேட்டரியில் பத்து வருஷம் ஓடும் என்பதுதான் கட்டுரையின் பெருமையே. உடல் வெப்பத்தில் சோதித்தது என்று அவளே எழுதியிருந்தாள்.

உடல் வெப்பம் முப்பத்தேழு டிகிரி. யாரும் எதையும் தட்டாவிட்டால், சிப்பைக் கணினியில் ஓட்டிப் பார்க்கிற மென்பொருள் தானாகவே போட்டுக்கொள்வது இருபத்தேழு. அவள் தட்ட மறந்திருக்கிறாள். பிறகு நிஜ சிப் வந்தபோதும் ஆய்வகத்து மேசையில், அறை வெப்பத்தில் வைத்துத்தான் அளந்தார்கள். கணினிக் கணக்கும் மேசைக் கணக்கும் அச்சாக ஒத்துப்போகிறதே என்று அன்றைக்கு அவர்கள் குதிக்காத குறை.

பத்து டிகிரிதானே, போகட்டும் என்று விடவும் முடியாது. வெப்பம் பத்து டிகிரி ஏறினால் சிப்பில் மின்சாரம் கசிவது ஏறக்குறைய இரட்டிப்பாகும். முதலாண்டு மாணவர்களுக்கு அவளே நடத்துகிற பாடம் இது. பத்து வருஷம் என்று எழுதியது ஐந்தோ ஆறோதான் வரும்.



நாலாயிரம் பேரில் ஒருத்தர்கூடவா கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை? எங்கே பார்ப்பது. முன்னால் போகிற ஆடு குதித்தால் பின்னால் வருகிறதும் குதிக்கும். அவளும் அப்படி எத்தனையோ பேரை மேற்கோள் காட்டியவள்தான்.

யானைக்கும் அடி சறுக்கும் என்று மனதைத் தேற்றிப் பார்த்தாள். தேறவில்லை. அந்தச் சிப்பை வைத்துக் கருவி செய்கிற கம்பெனியில் அவளுடைய பழைய மாணவன்தான் தலைமைப் பொறியாளர். அளந்து பார்க்காமலா விற்றிருப்பார்கள்? அவனைப் போனில் கூப்பிட்டாள்.

“கசிவைத் தனியா எதுக்கு மேடம் அளக்கணும்? அதான் உங்க பேப்பர்லயே இருக்கே. நாலாயிரம் பேர் ஒத்துக்கிட்ட நம்பர்,” என்று சிரித்தான். “ஏன் மேடம், என்ன விஷயம்?”

ஒரே ஒரு வாக்கியம். சொன்னால் இத்தனை வருஷம் சம்பாதித்த பெயர் பொழுது சாய்வதற்குள் சந்தி சிரித்துவிடும். சொல்லாவிட்டால் அந்தக் கருவியைச் சுமக்கிற யாராவது ஒருவர், கடைத்தெருவில் பேசிக்கொண்டே நடக்கும்போது சுருண்டு விழுவார். ஒரு முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அதைப் பார்க்கப் பயந்து கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

வாயைத் திறந்தபோது அறைக்கதவு திறந்தது. கணவர்.

“சும்மாதான் கேட்டேன்பா,” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

கல்யாண மாப்பிள்ளை மாதிரி புதுச்சட்டை போட்டிருந்தார் மனிதர். வலது பைக்குள் செல்போன். எப்போதும் வலது பைதான். மாடிப்படி ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை.

“புரொபசரம்மா, ஊரே காத்திட்டிருக்கு. ஏன் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?”

“லிஃப்ட்ல வரலையா?”

“ரெண்டு மாடிக்கு எதுக்கு லிஃப்ட்? லேசா தலை சுத்துச்சு, அவ்வளவுதான். நேத்தும் இப்படித்தான். வெயில்.”

வெளியே வெயிலே இல்லை. காலையிலிருந்து மூட்டம்.

“டாக்டர்கிட்ட செக்கப்புக்குப் போனீங்கதானே?” என்று கேட்டாள்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “நான் எங்க போனேன்? ரெண்டு வருஷமா நீ கேக்கறப்பல்லாம் ஆச்சு ஆச்சுன்னு சொல்லிட்டிருக்கேன். பத்து வருஷத்துக்குக் கவலையே இல்லன்னு என் பொண்டாட்டியே எழுதி வெச்சிருக்கா. அவளைவிடவா அந்த டாக்டருக்குத் தெரியும்?”

சொல்லிக்கொண்டே இடது தோளுக்குக் கீழே, சட்டைக்கு மேலாகச் செல்லமாகத் தட்டிக்கொண்டார். அவருக்குப் பேஸ்மேக்கர் வைக்கப் போன அன்றைக்கு ஆஸ்பத்திரியில் வேறு கம்பெனிக் கருவிகளையும் காட்டினார்கள். இதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள். அதை வைத்து ஐந்து வருஷம் முடிந்து ஆறாவது நடக்கிறது.

அவள் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். விட்டால் விழுந்துவிடுவார் என்பதுபோலப் பிடித்தாள். லிஃப்டை நோக்கி நடந்தபடியே, மறு கையால் பழைய மாணவனை மறுபடி கூப்பிட்டாள்.

“நான் எழுதினது தப்பு. வித்த கருவி எல்லாத்தோட பேட்டரியையும் உடனே பாக்கச் சொல்லு. எல்லாத்தோடதும்.”

லிஃப்ட் கீழே வந்து நின்றது. அரங்கத்தில் அவள் பெயரைச் சொல்லி அழைப்பது தாழ்வாரம் வரை கேட்டது. அவள் அவரை வாசல் பக்கம் இழுத்தாள்.

“மேடை அந்தப் பக்கம்மா,” என்றார் அவர், சிரித்துக்கொண்டே, மூச்சு வாங்க.