இரண்டாவது போதும்

வேட்பாளர்களை ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்தி, இடத்துக்குத் தக்கபடி புள்ளி கூட்டும் புதிய முறையில் நடந்த முதல் நாடாளுமன்றத் தேர்தல் அது. "மொத இடம் உங்க கட்சிக்கே குடுங்க, எனக்கு ரெண்டாவது போதும்" என்று வீடு வீடாகக் கேட்ட சுயேச்சை தனபால் ஜெயித்துவிட்டார்.

வாசலில் மனைவி மேகலா ஆரத்தி சுற்றும்போதுதான் கைபேசியில் முழு விவரம் வந்தது. தொகுதியிலேயே அவருக்கு முதல் இடம் கொடுத்தவர் ஒரே ஒருவர். அது அவரேதான்.

"நீ எனக்குப் போடலையா?"

"போட்டேனே. ஊரெல்லாம் நீங்க கேட்ட மாதிரியே, ரெண்டாவது."

"அப்ப மொத இடம்?"

மேகலா ஆரத்தி நீரைத் தொட்டு அவர் நெற்றியில் பொட்டு வைத்தாள். "அதெல்லாம் வெளியில சொல்லக் கூடாதுங்க. சிரிச்ச மொகமா நில்லுங்க, போட்டோ எடுக்கறாங்க."