படுக்கையறைப் புகார்

வீட்டுத் தரகர் மணவாளனுக்குப் புகார் புதிதல்ல. சாக்கடையைப் பார்த்த வீட்டையே ‘ஆற்றோர வீடு’ என்று தள்ளிவிட்ட வாய் அது. ஆனால் தரகர் சங்கத்து இயந்திரம் இப்போதெல்லாம் நடக்கப்போகும் தவறுக்கே புகார் அனுப்பிவிடுகிறது. வீட்டை விற்றுத்தரச் சொல்லியிருந்த பூங்கோதையின் கூடத்தில் அவர் உட்கார்ந்திருந்தபோது போனில் அப்படி ஒன்று வந்தது: “இவ்வீட்டின் படுக்கையறையில் ஒருவர் இறந்ததை மறைத்து விற்றீர்கள். உரிமம் ரத்தாகும்.”

“ஏங்க்கா, இந்த வீட்ல யாராச்சும் செத்திருக்காங்களா?”

“வாயக் கழுவு தம்பி! கட்டினதுலேர்ந்து நான் ஒருத்திதானே இருக்கேன்.”

அப்படியானால் இனிமேல் சாகப்போவது இவள்தான் என்று மணவாளனுக்குப் புரிந்தது. சொன்னால் அவள் டாக்டரிடம் ஓடுவாள், பிழைத்தும் விடலாம். ஆனால் பயத்தில் விற்பனையை நிறுத்திவிட்டால் கமிஷன் என்னாவது?

போனிலேயே வீட்டு விளம்பரத்தில் ஒரு வரி சேர்த்தார்: ‘படுக்கையறையில் மரணம் நிகழ்ந்த வீடு.’

உடனே பதில் வந்தது: “புகார் தள்ளுபடி. தங்கள் நேர்மைக்குப் பாராட்டு.”

பூங்கோதை நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். “தலை கிறுகிறுங்குது தம்பி. உள்ள போய்க் கொஞ்சம் படுக்கட்டா?”

“தாராளமாப் படுங்கக்கா,” என்றார் மணவாளன். “கதவ நான் சாத்திட்டுப் போறேன்.”