முயலுக்கு நாலு கால்

“பேண்ட்வித்தைப் பதினாறாக்கச் சொல்லி எவ்வளவு நேரமாச்சு? இன்னும் நாலுலயே நிக்குது!”

முசுடு போட்ட சத்தத்தில் ஆய்வுக்கூடமே திரும்பிப் பார்த்தது. மேலதிகாரிக்கு அங்கே எல்லோரும் வைத்திருந்த பெயர் அது.

“ஒளிப்பட்டையை அகலமாக்கிப் பதினாறுல வெச்சா கோடு நடுங்காம அழகா வரும் சார். ஆனா இந்தக் குட்டி மேடு அமுங்கிடும்.” அவள் திரையைக் காட்டினாள். “இதுக்குக் காரணமான பொருள் புற ஊதா ஒளியில மெல்லிசா ஒரு கீற்றைத்தான் உறிஞ்சுது. அகலமாப் பார்த்தா கரைஞ்சு போயிடும்.”

“போகட்டுமே!”

“கைக்குழந்தைங்களுக்குப் போற சொட்டு மருந்து சார். உள்ளே என்ன கலந்திருக்குன்னே தெரியலை.”

“தான் பிடிச்ச முயலுக்கு மூணு கால்னு அடம் பிடிக்கிறவங்களைப் பார்த்திருக்கேன். நீ என்ன, நாலுங்கறே?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“முயலுக்கு நாலு கால்தானே சார்...”

“வாயை மூடு! சரக்கு இன்னிக்கே கிளம்பணும். முதலாளி வந்துட்டிருக்கார். எழுந்திரு, நான் பார்த்துக்கறேன். நீ போய் உன் பிள்ளையைத் தாலாட்டு!”

அடுத்த மேஜைத் தோழியைப் பார்த்தாள். அவள் கழுவிய குடுவையையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

காப்பகத்தில் குழந்தையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கப்பலில் இருக்கும் கணவனுக்கு ஃபோன் போகவில்லை. வேறு யாரிடம் சொல்வது?

“அம்மாவுக்கு நாளைக்கு வேலை இருக்காதுடா செல்லம்.”

செல்லம் அவள் விரலைப் பிடித்தபடி தூங்கிப்போனது. இந்நேரம் அந்த மருந்து எந்தெந்த வீட்டுத் தொட்டிலுக்குக் கிளம்பியிருக்கும்? தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது.

காலையில், எப்போது கூப்பிட்டு அனுப்புவார்களோ என்று எதிர்பார்த்தபடி மெஷின் முன்னால் போய் நின்றாள்.

திரையில் அதே நாலு. நடுங்கும் கோட்டில் அதே குட்டி மேடு.

முசுடின் நாற்காலி காலியாக இருந்தது.

தோழி மெல்ல அருகே வந்தாள். “சரக்கு போகலைடி. அவரை நேத்தே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.”

“ஐயோ... அடுத்தது நானா?”

“நீயில்லை. ‘நாலுல வெச்சது எவன்?’னு முதலாளி குதிச்சாரு. முசுடு, ‘நான்தான். அந்தப் பொண்ணு மெஷின் பக்கமே வரலை’ன்னாரு. நாங்களும் வாயைத் திறக்கலை.”

“அப்புறம்?”

“வெள்ளை அங்கியைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, ‘முயலுக்கு நாலு கால்தானே சார்’னு சொல்லிட்டுப் போயிட்டாரு.”