மேற்கு அறைக் கதவு

நான் பெரியவளாகி, மேற்கு அறையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். வீட்டடி மண்ணின் அசைவை அளந்து எச்சரிக்கும் மிஷின், கூடத்துச் சுவரிலிருந்த மண்காட்டி, காலையிலேயே சொல்லிவிட்டது: "அடியிலுள்ள களிமண் இறங்குகிறது. மேற்கு அறைக் கதவு இன்று இறுகிவிடும். திறந்தே வையுங்கள்." அது சொன்னது இதுவரை தவறியதில்லை.

"புள்ளய கூடத்துல உக்கார வைக்கலாமே அண்ணி," என்றாள் அம்மா.

"தண்ணி ஊத்தாம வெளிய வர்றதா? மிஷினுக்குத் தீட்டு தெரியுமாடி?" என்றாள் அத்தை. ஆனாலும் கதவைத் திறந்தே வைத்து, வாசலில் குறுக்கே உலக்கையைப் போட்டாள்.

மதியம் மாமா சீர்த்தட்டோடு சீக்கிரமே வந்துவிட்டார். ஆண்கள் என்னைப் பார்க்கக் கூடாதென்று அத்தை ஓடிவந்து உலக்கையைத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினாள். ஒரு நிமிடத்துக்குத்தான்.

பிறகு அது திறக்கவில்லை. மாமா தோளால் இடித்துப் பார்த்தார். மேல்விட்டம் இறங்கிக் கதவின் தலையில் உட்கார்ந்திருந்தது. ஜன்னலில் இரும்புக் கம்பி.

"பயப்படாதடி தங்கம், அத்தை இங்கதான் இருக்கேன்." காலையிலிருந்து என் தட்டைக்கூடத் தொடாதவள், கதவின் அடி இடுக்கில் கையை நுழைத்து என் விரல்களைப் பற்றிக்கொண்டாள்.

மண்காட்டி மறுபடியும் பேசியது. "மேற்குச் சுவர் சரியப்போகிறது. எல்லோரும் வீட்டைவிட்டு வெளியேறுங்கள்."

மாமா கடப்பாரை தேடி ஓடும் சத்தம் கேட்டது. என் விரல்கள் வலித்தன. அத்தை விடவில்லை.