எலியேசருக்கு முன்னால்

நெய்னா முகம்மதின் டெலிபோன் பூத்தில், மஸ்கட்டிலிருந்து வரும் போனுக்காக, பாத்திமா மேரி சண்டைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

மடியில் பிள்ளை தூங்கியது. ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். புருஷன் லேவி போன வாரம் போனில் சொன்ன பேர் எலியேசர்.

நல்ல பேர்தான். கடவுள் எனக்குத் துணை என்று அர்த்தமாம். காலையில் கோயிலுக்குப் பேர் கொடுக்கப் போனபோது உபதேசியார் சொன்னார். சொன்ன மனுஷர் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"தலைப்பிள்ளைக்கா இந்தப் பேரு? இது மோசேயோட ரெண்டாவது மகன் பேராச்சேம்மா. மூத்தவன் கெர்சோம்ல."

கெர்சோம் என்றால் அந்நிய தேசத்தில் பரதேசி. மோசே ஊரைவிட்டு ஓடி, போன இடத்திலேயே ஒருத்தியைக் கட்டி, முதல் மகன் பிறந்ததும் வைத்த பேர். உபதேசியார் பாட்டுக்குக் கதை சொல்லிக்கொண்டே போனார். மேரியின் காது 'முதல் மகன்' என்பதிலேயே நின்றுவிட்டது.

அவள் கத்தோலிக்க வீட்டுப் பெண். அங்கே பிள்ளை எந்தப் புனிதரின் நாளை ஒட்டிப் பிறக்கிறதோ அந்தப் பேர். லேவியின் வீடு லுத்தரன். வேதத்தில் உள்ள வரிசை அங்கே இம்மியும் பிசகாது. மாமனார், ரூபன், சிமியோன், லேவி, யூதா என்று யாக்கோபின் மகன்களை அப்படியே வரிசையாக இறக்கியவர். நடுவில் ஒரு பெண் பிறந்திருந்தால் என்ன செய்திருப்பாரோ.

அப்பேர்ப்பட்ட வீட்டுப் பிள்ளை, மூத்தவனை விட்டுவிட்டு இளையவன் பேரைக் கொண்டுவந்து தலைச்சனுக்கு வைப்பானா? இது தலைச்சன் என்றுதான் ஊரே சொன்னது. அவளும் அப்படிச் சொல்லப் பழகியிருந்தாள்.

அப்படியானால் மூத்தவன் பேர் யாருக்குப் போயிற்று?

நெருப்பில்லாமல் புகையாது. மஸ்கட்டில் வெள்ளிக்கிழமைதோறும் ஜெபக் கூட்டமாம். கேரளத்து நர்சுகள் உருகி உருகிப் பாடுவார்களாம். லேவியே வாயெல்லாம் பல்லாகச் சொன்னதுதான். ஒரத்தநாட்டுப் பக்கம் ஒருவருக்கு அங்கே இன்னொரு குடும்பம் இருந்தது, அவர் செத்துப் பெட்டி வந்த பிறகுதானே வெளியே வந்தது.

போன வருஷம் சித்திரையில் லீவில் வந்தவன், சாயங்காலமானால் தனியாகக் கிளம்பிவிடுவான். கேட்டால், வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கப் போகிறானாம். மேட்டூர் மூடிக் கிடக்கிற மாதத்தில் வாய்க்காலில் ஏது தண்ணீர்? அன்றைக்கே சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்க வேண்டும்.

போன் அடித்தது. நெய்னா முகம்மது ரிசீவரை நீட்டிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

"மேரி, புள்ள தூங்குறானா?"

அவள் ரிசீவரை வாயோடு ஒட்டிப் பிடித்தாள்.

"கெர்சோம் எங்கங்க இருக்கான்?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தாள். இல்லை, மூச்சு கேட்டது. மாட்டிக்கொண்டான்.

"நம்ம கல்லறைத் தோட்டத்துலதான் மேரி, வேலியோரமா. லீவுல வந்தப்ப தெனமும் அங்கதான் போனேன். பேரு வைக்காமப் பொதச்சிட்டோம்னு உங்கப்பா சொன்னாரு. எனக்கு மனசு கேக்கல. நான் இங்கேருந்தே வச்சுட்டேன்."

லேவி முதல் தடவை மஸ்கட் போன வருஷம், ஐப்பசி அடைமழையில், அழாமலே பிறந்த பிள்ளை அது. தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றுமுன் போனதற்குப் பேர் கிடையாது என்றார்கள். அதைப் பற்றிப் பேசாதே, எண்ணிக்கையில் சேர்க்காதே, சேர்த்தால் அடுத்தது தங்காது என்றார்கள். அடுத்தது தங்க வேண்டுமே என்று அவளும் வாயை மூடிக்கொண்டாள். ஒரு நாள்கூடப் பெற்றவனிடம் வாய்விட்டு அழுததில்லை.

வெட்கமும் துக்கமும் ஒன்றாகப் பொங்கிவந்தன. இவனைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம். குழிமேட்டைத்தான் அவன் பார்த்திருக்கிறான். கெர்சோமின் முகத்தைப் பார்த்ததில்லை.

"உங்க மூக்குங்க அவனுக்கு," என்றாள்.