ராஜநாயகம் வைத்த பொறி

ராஜநாயகம் லஞ்சம் வாங்குகிறவர்களைப் பொறிவைத்துப் பிடித்தே பணிக்காலத்தைக் கழித்தவர். ஓய்வு பெற்றதும் மந்தைவெளி ஃபிளாட்டில் மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமின் மாத்திரை விற்க ஆரம்பித்தார். மஞ்சளின் மகிமையைக் கேட்டவர்களுக்கும் சொன்னார், கேட்காதவர்களுக்கும் சொன்னார். மூட்டுவலி, சர்க்கரை, ஞாபகமறதி என்று யார் எதைச் சொன்னாலும் அவரிடம் அதே டப்பாதான் மருந்து.

அந்த டப்பாக்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

சந்தேகம் வீட்டு வேலைக்கு வரும் தேசம்மாவின் மேல். சும்மா கேட்டால் மழுப்புவாள், லஞ்ச நோட்டில் பொடி தடவிப் பிடிக்கும் பழைய முறைதான் சரி என்று தீர்மானித்தார். ஒரு மாத்திரையைப் பிரித்து அதன் பொடியை டப்பாக்கள்மேல் லேசாகத் தடவி வைத்தார். சலவை சோடா கரைத்த தண்ணீரில் குர்குமின் பட்டால் சிவந்துவிடும். சாட்சியில்லாமல் வழக்கு நிற்காதே! பக்கத்து ஃபிளாட் மர்சலின் டீச்சரையும் மேல்வீட்டுத் தணிகாசலம் தம்பதியையும் வரவழைத்தார்.

தேசம்மா பெருக்கிவிட்டு வந்தபோது அலமாரியில் ஒரு டப்பா குறைந்திருந்தது. அலமாரிப் பக்கமே போகவில்லை என்று சாதித்தாள்.

"கையை முக்கு. தண்ணி சிவந்தா நேரா போலீஸ் ஸ்டேஷன்தான்" என்று சோடாத் தண்ணீர்க் கிண்ணத்தை நீட்டினார் ராஜநாயகம்.

தேசம்மா முக்கினாள். தண்ணீர் வெளிர் மஞ்சளானதே தவிர சிவக்கவில்லை.

அவருக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் சோடாவை அள்ளிப் போட்டார். ஆத்திரத்தில் ஒரு முழு மாத்திரையையே பிரித்துக் கொட்டினார். மஞ்சள் இன்னும் அடர்ந்தது, அவ்வளவுதான்.

மர்சலின் டீச்சர் எழுந்து சமையலறைக்குப் போய், அஞ்சறைப்பெட்டியிலிருந்து ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் கொண்டுவந்து போட்டார். தண்ணீர் ஆரத்தி போலச் சிவந்தது.

"இது மஞ்சள் சார். அப்போ உங்க மாத்திரையில இருக்கறது என்ன?"

சிவப்பைப் பார்த்த தேசம்மா மாட்டிக்கொண்டதாக நினைத்து ஓவென்று அழுதாள்.

"நான்தான் சார் எடுத்தேன். எங்க வூட்டுக்காரருக்கு முட்டிவலி. அத்தினி டப்பாவும் துன்னுட்டாரு, வலி அப்டியேதான் கீது. ஸ்டேஷனுக்கு மட்டும் அனுப்பாதீங்க."

அவளை யாரும் கவனிக்கவில்லை. சாட்சிகள் மூவரும் ராஜநாயகத்தையே முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

மூவருமே மாதம் தவறாமல் அவரிடம் மாத்திரை வாங்குகிறவர்கள்.