பாதிக்குப் பாதி

"ஏனுங்கம்மா, ஊசி உங்களுக்குங்களா, உங்க பொண்ணுக்குங்களா?" என்று கேட்டுச் சிரித்தாள் ரத்தம் எடுக்க வந்த பூஜிதா. ராசாத்தாள் அதற்குள் கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

நாற்காலியில் கையை நீட்டி உட்கார்ந்திருந்த மகள் மானசாவும் சிரித்தாள். "ஆபரேசனப்போ அம்மாவுக்கு ஓ குரூப் ரத்தம் வேணும்னாங்க. நான் ஏபி, குடுக்க முடியலை. இப்பவாச்சும் எடுத்துக்கங்க."

ராசாத்தாளுக்குக் கருப்பைப் புற்று. கருப்பையை எடுத்து மூன்று மாதமாகிறது. எடுத்த கட்டியைச் சோதித்துப் பார்த்ததில், இருக்க வேண்டிய ஒரு புரதம் அதில் இல்லை.

போன வாரம் டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். "கட்டியில எந்தப் புரதம் இருக்கு, எது இல்லைன்னு பாத்துத்தான் நோய் திரும்புமா, எந்த மருந்து கேக்கும்னு கணிக்கறோமுங்க. உங்களுக்குப் பயப்படற மாதிரி இல்லை. ஆனா இந்தப் புரதம் இல்லாமப் போனது பரம்பரைக் கோளாறுனாலன்னு உங்க ரத்தத்துல உறுதியாயிருச்சு. புள்ளைங்களுக்கும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பொண்ணைக் கூட்டிட்டு வாங்க."

அன்றிலிருந்து ராசாத்தாள் மகளின் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. சோறு போடும்போதுகூடத் தட்டைத்தான் பார்த்தாள். தன்னால்தான் இந்த ஊசி, தன்னால்தான் இந்தப் பயம் என்று மனசு குத்திக்கொண்டே இருந்தது.

மானசா என்னவோ பயந்த மாதிரியே தெரியவில்லை. கருமத்தம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, கடலை கொறித்துக்கொண்டே வந்தாள்.

"என்னால உனக்கு இந்தப் பாடு, கண்ணு."

"அட, சும்மா இருங்கம்மா. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

ஊசி ஏறியது. குழாய் நிறைந்ததும் பஞ்சை வைத்து அழுத்திக்கொள்ளச் சொன்னாள் பூஜிதா. "ரிசல்ட் வர மூணு வாரம் ஆகுமுங்க" என்றவள், பெயர்ச்சீட்டு எடுக்க உள்ளே போனாள்.

மூன்று வாரம்! ராசாத்தாள் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு, அந்த ரத்தத்தை அனுப்ப வேண்டாம்னு சொல்லிப்போடு."

"ஏனுங்கம்மா?"

"நீ என்ற வயித்துல பொறக்கலை."

ராசாத்தாளால் அதற்கு மேல் நிறுத்த முடியவில்லை.

"மூணு மாசக் கொழந்தையா உன்னைத் தத்தெடுத்துட்டு வந்தோம். என்ற நோவு உனக்கு எப்படி வரும்? 'ஒரு ஊசிதானே, உட்டுரு'ன்னாரு உங்கப்பா. நானும் வாயை மூடிக்கிட்டேன். மூணு வாரம் நீ பயந்து சாகறதையும், அப்புறம் ஒண்ணுமில்லைன்னு வந்ததும் கோயிலுக்குப் போய்த் தேங்கா உடைக்கறதையும் நான் பக்கத்துல நின்னு பாக்கோணுமா? சொல்லிப்போட்டா எங்கே என்னை உட்டுட்டுப் போயிருவியோன்னுதான்..."



மானசா பஞ்சை எடுத்துப் பார்த்தாள். ரத்தம் நின்றிருந்தது. சுற்றும்முற்றும் ஒருமுறை பார்த்துவிட்டு, அம்மாவின் காதோரம் குனிந்தாள்.

"காலேஜ்ல சேந்து ரத்த குரூப் பாத்தப்பவே தெரியுங்கம்மா, ஓ குரூப் அம்மாவுக்கு ஏபி புள்ளை பொறக்காதுன்னு. ஊசி போட வரமாட்டேன்னு சொல்லியிருந்தா, எனக்குத் தெரியும்னு நீங்க கண்டுபிடிச்சிருப்பீங்களே!"